எண்ணெயை எடைபோட்டுச் சுட்ட தீபாவளிப் பலகாரம்

தீபாவளி முடிந்த வாரம் “இனிமே கொஞ்ச நாளைக்கு எண்ணெயே வேண்டாம்” என்று சொல்லாத வீடு இல்லை. சொல்லிக்கொண்டே சம்படத்துக்குள் கை போகும். வீட்டில் பலகாரம் இருக்கிறவரை போகத்தான் செய்யும். கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்பது மாவு சலிக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அடுப்படிக் கணக்குதான்: தேன்குழல், அவல் மிக்சர், பயத்தம் உருண்டை, அதிரசம் ஆகிய நான்கையும் தராசில் வைத்து, எண்ணெயை முன்னும் பின்னும் எடைபோட்டுச் செய்யும் முறை. கலோரி என்று வருவதெல்லாம் கிலோ கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9, சர்க்கரை கிராமுக்கு 4 என்ற வழக்கமான கணக்கில் போட்டவை.

தலைக்கணக்கு

நான்கு பேர் உள்ள வீடு, முந்தின நாள் மாலையிலிருந்து ஐந்து நாள் பலகாரம் ஓடும் என்று வைப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் இனிப்பு, 20 கிராம் காரம். அப்படியானால் வீட்டுக்கு இனிப்பு 400 கிராம், காரம் 400 கிராம். அக்கம்பக்கத்தில் எட்டு வீட்டுக்குத் தட்டு போகும்; வீட்டுக்கு 60 கிராம் இனிப்பும் 75 கிராம் காரமும் என்றால் 480, 600. வந்து போகிறவர்களுக்கு நூறு, நூற்றிருபது கிராம். ஆக மொத்தம் இனிப்பு ஒரு கிலோ, காரம் 1,100 கிராம். ஏழு வகை செய்து இரண்டு தூக்கு நிரப்புகிற வீடுகளுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியலாம். எண்ணிக்கையில் பார்த்தால் அப்படி இல்லை: சிறிய தேன்குழல் ஐம்பது, உருண்டை இருபத்தொன்று, அதிரசம் முப்பது, ஒரு சம்படம் மிக்சர்.

இந்தக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு வரி உண்டு. கொடுத்த எட்டு வீட்டிலிருந்தும் தட்டு திரும்பி வரும். நாம் அனுப்பியது வீட்டுக்கு 135 கிராம் என்றால் வருவதும் ஏறக்குறைய ஒரு கிலோ. அதுபோக அலுவலகத்தில் தரும் அரைக் கிலோ பெட்டி. கணக்கில் ஏறாத இந்த ஒன்றரைக் கிலோதான் பிறகு தொந்தரவு செய்கிறது. ஆளுக்கு நாளைக்கு 40 கிராம் என்ற பங்குக்குள் வந்ததையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மிச்சம் ஆகிறதை இரண்டாம் நாளே யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். ஐந்தாம் நாள் கொடுத்தால் அது நமுத்துப் போனதைத் தள்ளிவிடுவதாகிவிடும்.

தராசும் எண்ணெயும்

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு ஒன்று போதும். 200 டிகிரி வரை காட்டும் சமையல் வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாவுத் துளி போட்டுப் பார்க்கும் பழைய முறையே ஓடும்.

எண்ணெயை எடைபோடுவது இப்படி. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, 1,000 கிராம் எண்ணெய் ஊற்றி, அதை வாணலிக்கு மாற்றவும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம்தான் இருக்கும் என்பதால் பாக்கெட்டை நம்பி ஆயிரம் என்று எழுதிவிடக் கூடாது. சுட்டு முடித்து நன்றாக ஆறிய பிறகு, அடியில் நிற்கும் கசடோடு சேர்த்து, அதே பாத்திரத்தில் திரும்ப ஊற்றி எடை பார்க்கவும். வாணலியில் ஒட்டியது, கரண்டியில் போனது எல்லாம் பத்துப் பதினைந்து கிராம். அதைத் தனியாகத் துரத்த வேண்டாம். சூடான எண்ணெயைத் தராசுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது.

சுடும் வரிசையும் முக்கியம். தேன்குழல் முதலில், அதிரசம் கடைசியில். வெல்லம் பட்ட எண்ணெய் கறுத்துவிடும். அதில் பிறகு எதைப் போட்டாலும் நிறம் கெடும்.

தேன்குழல்

அரிசி மாவு 400 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 100 கிராம், வெண்ணெய் 40 கிராம், பொடியுப்பு 8 கிராம், சீரகம் ஒரு தேக்கரண்டி, எள் இரண்டு தேக்கரண்டி, பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 325 மில்லியில் தொடங்கி மாவு கேட்கிற வரை.

உளுந்தைச் சிறு தீயில் வறுக்க வேண்டும். வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால் மாவில் பிசுபிசுப்பு வரும். தேன்குழலும் வெந்தது போலத் தெரிந்து ஆறியதும் தளர்ந்துவிடும். அரிசி மாவு, உளுந்து மாவு இரண்டையும் நைசுச் சல்லடையில் சலித்தே எடுக்கவும். கப்பி (சரியாக அரைபடாத குருணை) கிடந்தால் முறுக்கு பிழியும் நாழியின் கண்ணில் மாட்டி இழை அறும். சில சமயம் எண்ணெயில் வெடிக்கவும் செய்யும்.

வெண்ணெய்தான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 500 கிராம் மாவுக்கு 40 என்பது கரகரப்புக்குப் போதுமான அளவு. “வாயில் வைத்தால் கரையட்டும்” என்று 70, 80 என ஏற்றினால் போட்ட மாத்திரத்தில் எண்ணெய் நுரைத்துப் பொங்கும், இழை பிரிந்து உதிரும், மிச்சம் நிற்பது எண்ணெயைக் குடித்துத் தளதளவென்று வரும். 25-க்குக் கீழே போனால் கடக் கடக் என்று பல்லுக்கு வேலை. வெண்ணெயை உலர்ந்த மாவோடு முதலில் விரல் நுனியால் பிசிறிக்கொள்ள வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நின்று, தட்டினால் உதிர வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

தண்ணீர் அதிகமானால் எண்ணெயும் அதிகமாகும். மாவில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும் வழியெல்லாம் துளை. அந்தத் துளையில்தான் பிறகு எண்ணெய் போய் உட்காருகிறது. சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கம், விரலில் ஒட்டாத பதம், அவ்வளவே. தண்ணீர் குறைந்துபோனால் நாழியில் அழுத்தும்போது இழை பிய்ந்து பிய்ந்து விழுந்து காட்டிக்கொடுக்கும். ஒரேயடியாக 500 கிராமையும் பிசையாமல் 250, 250 ஆகப் பிசைவது நல்லது. பிசைந்த மாவு அரை மணிக்கு மேல் கிடந்தால் தேன்குழல் சிவந்துபோகும். பக்கத்தில் நிற்பவர்கள் அதைத் தீ அதிகம் என்று நினைத்து அடுப்பைக் குறைப்பார்கள். அங்கேதான் அடுத்த தவறு தொடங்கும், ஏனென்றால் தீ குறைந்த எண்ணெயில் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் மாவு கூடுதலாக எண்ணெய் இழுக்கும்.

அச்சு விஷயத்தில் ஒரு சின்னக் கணிதம். இழையின் குறுக்களவு பாதியானால், அதே எடை மாவுக்கு வெளிப்பரப்பு இரண்டு மடங்காகும். எண்ணெய் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் ஏறுகிறது. ஓமப்பொடி, நைசு ரிப்பன் எல்லாம் அதிக எண்ணெய் கொள்வதற்கு இதுதான் காரணம். மாவில் குற்றம் இல்லை. மூன்று கண் தேன்குழல் அச்சு இந்த வகையில் சாதகம்.

ஒவ்வொன்றும் 18 கிராம் மாவில் இரண்டு சுற்று. ஜல்லிக் கரண்டியின் முதுகில் எண்ணெய் தடவி அதன்மேல் பிழிந்து, அப்படியே கவிழ்க்கவும். பொரிந்த பின் 13 கிராம் இருக்கும். முதல் நான்கை மட்டும் எடைபோட்டுக் கையைப் பழக்கினால் போதும், மீதி தானாக வரும்.

எண்ணெய் 175 டிகிரியில் இருக்கும்போது போடவும். வெப்பமானி இல்லையென்றால், மிளகளவு மாவைப் போட்டதும் அடிக்குப் போய் உடனே குமிழோடு எழ வேண்டும். அடியில் தங்கினால் காயவில்லை. விழுந்த இடத்திலேயே சிவந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு ஈட்டில் ஐந்து தேன்குழல், ஆறுக்கு மேல் வேண்டாம். அவசரத்துக்குப் பத்தைப் போட்டால் சூடு 140-க்கு இறங்கிவிடும். அந்த ஈடு தனியாகத் தெரியும், வெளிறிப்போய், கையில் எடுத்தால் பிசுக்காக. போட்டதும் தீயைக் கூட்டி, அரை நிமிடம் கழித்து நடுத்தரத்துக்குக் கொண்டுவரவும். சலசலப்பு அடங்கி, குமிழ் ஒன்றிரண்டாகக் குறைவதுதான் எடுக்கும் நேரம். நிறத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள்.

இப்போது எடுக்கும் முறை. மொத்த வேலையில் எண்ணெயை உண்மையாகக் குறைக்கும் இடம் இது. பொரியும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே புக வழி கிடைப்பதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் துளைகளில் நின்ற ஆவி தண்ணீராகச் சுருங்குகிறது, அங்கே வெற்றிடம் உண்டாகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகப் பலகாரம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு வாணலியை விட்டு வெளியே வந்த பிறகு ஏறுவது. கரண்டியில் எடுத்ததும் எண்ணெய்க்கு மேலேயே, சூட்டிலேயே, பத்துப் பதினைந்து எண்ணும்வரை பிடித்து இரண்டு முறை உதறவும். அப்புறம் வடிதட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், சுவரில் சாய்த்தது போல நிறுத்தி வைக்கவும். அடுக்கினால் மேலே உள்ளது வடித்ததைக் கீழே உள்ளது குடிக்கும். செய்தித்தாளில் கொட்டுகிற பழக்கம் வேண்டாம். அச்சு மை எண்ணெயில் எளிதாக ஊறும். வெள்ளைப் பருத்தித் துணியோ டிஷ்யூ தாளோ போதும்.

இந்த அளவு மாவுக்கு, பாத்திரத்தில் 870 கிராம் வாக்கில் எண்ணெய் மிஞ்சினால் நன்றாகச் சுட்டிருக்கிறது. 830-க்குக் கீழே போயிருந்தால் வெண்ணெயிலோ தண்ணீரிலோ சூட்டிலோ எங்கோ பதம் தப்பியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 40 கிராம், அதாவது 360 கலோரி. ஐம்பது தேன்குழலுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏழு கலோரி! இதற்கா இத்தனை பாடு என்று கேட்பது நியாயம்தான். பிசுக்கில்லாத தேன்குழலுக்குச் சுவை உண்டு, சிக்கு வாடை சீக்கிரம் வராது, பாடு அதற்காக. கலோரியில் பெரிய மாற்றம் தருவது இரண்டு சுற்று என்ற அளவுதான். நான்கு சுற்று, 26 கிராம் தேன்குழல் 130 கலோரி. 13 கிராம் 65 கலோரி. எடுக்கிற கை கிராமைப் பார்ப்பதில்லை, ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணும். ‘ரெண்டே ரெண்டு’ என்று எடுப்பவருக்கு 260-க்குப் பதில் 130 போகிறது.

ஏர் பிரையரில் முறுக்கு சுடலாமா என்ற கேள்வி வருடாவருடம் வருகிறது. சுடலாம். மேலே எண்ணெய் தடவி 180 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் காய்ந்து வரும். ஆனால் தேன்குழலின் கரகரப்பு வராது, குச்சி போல விறைப்பாக, மாவு வாசத்தோடு இருக்கும். அப்படி ஒன்றைச் செய்து ‘பரவாயில்லை’ என்று பத்தைச் சாப்பிடுவதைவிட, நல்லதாக இரண்டைச் சாப்பிடலாம் என்பது எங்கள் கட்சி.

அவல் மிக்சர்

பொரிக்காமலே நன்றாக வருகிற காரம் இது. மெல்லிய அவல் 250 கிராம், வேர்க்கடலை 100, பொட்டுக்கடலை 75, எண்ணெய் 25, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, தட்டிய பூண்டு எட்டுப் பல், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பொடியுப்பு 5 கிராம். அவலை வெறும் வாணலியில் சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் வறுக்கவும். கையில் நொறுக்கினால் தூளாக வேண்டும். கெட்டி அவலில் இது நடக்காது, வெளியே மொறுமொறுத்து நடுவில் ரப்பராக நிற்கும். கடலையைத் தனியாக வறுத்துக்கொள்ளவும். எண்ணெயில் பூண்டும் கறிவேப்பிலையும் ஈரம் போக மொறுமொறுப்பானதும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே மஞ்சள், மிளகாய், உப்பு போட்டு உடனே அவலைக் கொட்டிப் புரட்டவும். உப்பைக் கடைசியில் மேலே தூவினால் ஒட்டாது. சம்படத்தின் அடியில் சேர்ந்துகொண்டு, கடைசிக் கை வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். கல்லுப்பாக இருந்தால் மிக்சியில் பொடித்தே போடவும். பூண்டில் ஈரம் மிச்சம் இருந்தால் மறுநாளே மொத்தமும் நமுத்துவிடும்.

முந்நூறு நானூறு கலோரி மிச்சம் என்று குதிக்க வேண்டாம். கடலை இருப்பதால் 20 கிராம் 85 கலோரி வரும். எண்ணெயில் பொரித்த மிக்சர் நூறைத் தாண்டும். இதன் லாபம் உப்பிலும் இருக்கிறது: 20 கிராமில் கால் கிராம் உப்புகூட இல்லை. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. காரப் பலகாரம், ஊறுகாய், கறிக்குழம்பு எல்லாம் சேர்கிற தீபாவளி நாளில் அது மத்தியானத்துக்குள்ளேயே தாண்டிவிடும்.

பயத்தம் உருண்டை, பக்கத்தில் மைசூர்பாகு

மைசூர்பாகை எடைக்கணக்கில் பார்ப்போம்: கடலை மாவு 100, சர்க்கரை 200, நெய் 200. மொத்தம் ஏறக்குறைய 2,980 கலோரி. 25 கிராம் வீதம் இருபது துண்டு போட்டால் துண்டுக்கு 150 கலோரி, சர்க்கரை 10 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரையை நாளைக்கு 25 கிராம் வாக்கில் நிறுத்தினால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. இரண்டரைத் துண்டில் அது தீர்ந்துவிடும். காலை, மாலை காபி தனி.

பயத்தம் உருண்டைக்குப் பாசிப்பருப்பு மாவு 200, பொடித்த சர்க்கரை 120, நெய் 100, ஏலக்காய் நான்கு. பருப்பை வாசனை வரும்வரை, லேசாகச் சிவக்க வறுத்து, முழுக்க ஆறிய பின் அரைக்கவும். சூட்டோடு அரைத்தால் வியர்த்துக் கட்டிபிடிக்கும். மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு குறைந்த நெய்யில் பிடிபடும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிக நைசான மாவு அதிக நெய் கேட்கும். விரலிடுக்கில் தேய்த்தால் சற்றே நறநறப்பு தெரிகிற பதத்தில் நிறுத்தவும். மாவையும் சர்க்கரையையும் கலந்து நான்கு பங்காக்கி, நெய்யை நன்றாகச் சூடாக்கி, ஒவ்வொரு பங்குக்கும் 25 கிராம் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் அழுத்திப் பிடிக்கவும். 20 கிராம் வீதம் இருபத்தொரு உருண்டை.

நெய்யை 80-க்கும் கீழே குறைத்தால் உருண்டை நிற்காது. வாயில் மாவாகப் பறக்கும். அப்போது பால் தெளித்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. பிடிபடும்தான், ஆனால் இரண்டே நாளில் கெட்டுப்போகும். தட்டில் வைத்து வெளியே அனுப்புகிறதுக்கு அது ஆகாது.

ஒரு உருண்டை 100 கலோரி, சர்க்கரை 6 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் மைசூர்பாகு கிராமுக்கு ஆறு, இது ஐந்து. வித்தியாசம் இருக்கிறது, அதிசயம் இல்லை. பயறு என்பதால் கொஞ்சம் புரதம் வரும். ‘சத்தான இனிப்பு’ என்று பெயர் சூட்டி நான்கு உருண்டை உள்ளே தள்ளினால் மைசூர்பாகு இரண்டு சாப்பிட்டவரைவிடக் கூடுதலாக நூறு கலோரி ஏறியிருக்கும்.

அதிரசம்

பச்சரிசி 300 கிராம், வெல்லம் 240, ஏலக்காய், சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி. அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தவும். கையில் அள்ளினால் ஒட்ட வேண்டும், தண்ணீர் தெரியக் கூடாது. அந்த ஈரத்தோடே அரைத்துச் சலித்துக்கொள்ளவும். கடையில் வாங்கிய உலர்ந்த அரிசி மாவில் அதிரசம் வராது. பாகை மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு கல்லாகும்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு வைக்கவும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் திரட்டினால் மென்மையாக உருள வேண்டும். உருட்டிப் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் பதம் தாண்டிவிட்டது. இறக்கி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறவும். முழு மாவையும் ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு கைப்பிடி நிறுத்தி வைப்பது நல்லது. இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தயங்கி விழுகிற பதம் வந்ததும் நிறுத்தலாம். ஆறினால் இன்னும் இறுகும். மேலே நெய் தடவி மூடி ஒரு நாள், இரண்டு நாள் வைக்கவும்.

தவறுகள் இரண்டுதான் அடிக்கடி வரும். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் பாகு இளசு அல்லது வெல்லம் அதிகம். நிறுத்தி வைத்த ஈர மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து ஒன்றைப் போட்டுப் பார்க்கவும். விறைப்பாக, ஓடு போல வந்தால் பாகு முற்றிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி வெந்நீரோ பாலோ தெளித்து, நன்றாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் ஓரளவு தேறும்.

20 கிராம் உருண்டையாக எடுத்து, எண்ணெய் தொட்ட இலையில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டவும். சூடு 155 டிகிரி போதும். அதிகமானால் வெல்லம் கருகி உள்ளே மாவு வேகாமல் நிற்கும். ஒன்றொன்றாகத்தான் போட வேண்டும். சிவந்ததும் எடுத்து, இரண்டு ஜல்லிக் கரண்டிக்கு நடுவே வைத்து, அல்லது கரண்டிமேல் வைத்து அடி தட்டையான கிண்ணத்தால், வாணலிக்கு நேர் மேலேயே அழுத்தவும். எண்ணெய் வழிந்து சொட்டுவது கண்ணெதிரே தெரியும். இதில் தாமதம் ஆகக் கூடாது: எடுத்த சூட்டில் அழுத்தினால் வரும் எண்ணெய், அடுத்த அதிரசத்தைப் போட்டுவிட்டு வந்து அழுத்தினால் வராது. ஒருவர் சுட, இன்னொருவர் அழுத்த என்று இரண்டு ஆள் நிற்பது இதற்காகத்தான். ஒன்று 90 கலோரி வாக்கில் வரும்.

வெல்லம் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிராம் சர்க்கரை 400 கலோரி என்றால் வெல்லம் 380 சொச்சம். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் அதே குடும்பம். மணத்துக்கும் நிறத்துக்கும் வெல்லம் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு “இது வெல்லம்தான், சும்மா சாப்பிடுங்க” என்று எடுத்து வைக்காதீர்கள்.

மிஞ்சிய எண்ணெய்

வாணலியில் எழுநூறு, எழுநூற்றைம்பது கிராம் நிற்கும். மெல்லிய துணியில் வடிகட்டி எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்கும் குழம்புக்கும் தீர்க்கலாம். கார்த்திகை அப்பத்துக்கு என்று வாரக்கணக்கில் வைத்துத் திரும்பக் காய்ச்சக் கூடாது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் கொண்டுவந்த விதி. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுப்பது, காயுமுன் புகைவது, போட்டதும் நுரைப்பது, ஆறியபின் கெட்டியாக ஒழுகுவது ஆகியவைதான் அடையாளம். கெட்டியான எண்ணெய் பலகாரத்தில் அதிகம் ஒட்டுவதால், பழைய எண்ணெயில் சுட்டது எண்ணெயும் அதிகம் குடித்திருக்கும். மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நஷ்டம். கழிவை அங்கணத்தில் ஊற்றினால் குழாய் அடைக்கும். புட்டியில் அடைத்துக் குப்பையோடு கொடுத்துவிடலாம்.

விடிந்தால் தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெறும் வயிற்றில் லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் சரிதான். கூடவே பாதிக்குப் பாதி வெல்லமும், நெய்யும் நல்லெண்ணெயும் அதில் இருக்கின்றன. சின்ன நெல்லிக்காய் அளவு, பத்து கிராம். லேகியம் உள்ளே போய்விட்டதால் பலகாரத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

அடுத்துத்தான் தவறு நடக்கும் நேரம். ஐந்து மணிக்குக் குளித்தாயிற்று, இட்லி ஏழரைக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் பலகாரத் தட்டு கூடத்தில் திறந்து கிடக்கும். பசித்த வயிற்றில் போகிற இனிப்பு இந்த இடைவெளியில்தான் போகிறது. முந்தின இரவே இட்லித் தட்டில் துணி போட்டுத் தயாராக வைத்து, ஆறு மணிக்கே இட்லி எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சாமிக்குப் படைத்ததில் ஒரு துண்டு, உடனே இட்லி. கறிக்குழம்பு வைக்கிற வீடு என்றால் இறக்கி இருபது நிமிடம் கழித்து மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் அள்ளிவிடலாம். தொட்டுக்கொள்ளக் கறியும் இருந்தால் நான்கு இட்லியோடு நிற்கும். வடை இருந்தால் அன்றைய காரத்துக்கான பங்கை அதிலேயே கழித்துக்கொள்ளவும். மிச்ச இனிப்பை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் சர்க்கரை அத்தனை வேகமாக ஏறாது.

‘ராத்திரி விருந்து இருக்கு’ என்று பகலில் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் இதைச் செய்யவே கூடாது. மாத்திரை போட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கும். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கையருகில் இருக்கிறதே என்று மைசூர்பாகைக் கொடுத்தால், அதில் உள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்திவிடும். அதே போல, இனிப்பு சாப்பிட்டுவிட்டோம் என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை இரட்டிப்பாக்குவதும் ஆபத்து.

வருகிறவர்களுக்குப் பெரிய தட்டில் ஏழெட்டு அடுக்கி நீட்டினால் அவர்களுக்கும் சங்கடம், மிச்சத்தைத் தின்பது நாம். சின்னக் கிண்ணத்தில் ஒரு உருண்டை, ஒரு தேன்குழல், ஒரு டம்ளர் மோர். “இன்னொண்ணு வச்சுக்குங்க” என்று ஒரு முறை கேட்கலாம், மூன்று முறை வேண்டாம். “அத்தை, எனக்கு அரை போதும்” என்று சொல்கிற மருமகளின் தட்டில் இரண்டை வைத்துவிட்டுச் சிரிப்பதை இனியாவது விட்டுவிடலாம்.

தட்டில் வந்தவற்றைப் பிரிக்கும்போது பால்கோவா, பால் அல்வா வகையை முதலில் தனியே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடிக்கவும். கடையில் உதிரியாக வாங்கும் இனிப்புக்கும் எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. பால் இனிப்பு வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

சம்படம்

நன்றாக ஆறாமல் மூடினால் மூடியில் வியர்த்து மொத்தமும் நமுக்கும். தேன்குழலை ஒரே பெரிய டப்பாவில் போடாமல் ஐந்து சின்ன டப்பாவாக, நாளுக்கு ஒன்று என்று பிரித்து, அன்றன்றைக்கு ஒன்றை மட்டும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரவும். மற்றவை மேல் அலமாரியில், ஸ்டூல் போட்டால்தான் எட்டுகிற உயரத்தில். கண்ணாடி ஜாடி வேண்டாம். பார்க்கிற போதெல்லாம் கூப்பிடும்.

ஐந்தாம் நாள் இரவு எல்லா டப்பாவையும் ஒன்றாக்கி எடைபோட்டு, செய்த அளவு, மிஞ்சிய அளவு, குறைந்த எண்ணெய் என்று மூன்று எண்களை நோட்டில் குறிக்கவும். தேன்குழல் 640-இல் 150 மிஞ்சியிருந்தால் அடுத்த வருடம் 500 கிராம் மாவுக்குப் பதில் 380 கிராம்: அரிசி மாவு 305, உளுந்து மாவு 75, வெண்ணெய் 30, உப்பு 6, தண்ணீர் 250-இல் தொடங்கவும்.